ஓர் இரவுக்கு ஓர் இரவு

கூக்காலில் எங்கள் இணைப்புக்குப் பெயர் 'பத்து'.
ரசீதில் அப்படித்தான் போட்டிருக்கிறது.
அது இறங்கும் வேகம்,
அதுவும் பூம்பாறைப் பக்கம் மப்பு இல்லாத நாளில்.
ஏறும் வேகத்தைப் பற்றி ரசீது வாய் திறப்பதில்லை.
(மலையிலிருந்து மதுரைக்குக் கீழே போவதற்கு
ஏற்றம் என்று யார் பெயர் வைத்தார்களோ.)
மூன்று முறை அளந்தேன்.
முக்காலே சொச்சம்.

அதையும் எட்டால் வகுக்க வேண்டும்.
பிட் வேறு, பைட் வேறு.
எட்டால் வகுக்காதவருக்கு எதுவும் எட்டாது
என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன், எனக்காகவே.
வகுத்தால்
நொடிக்குத் தொண்ணூற்றாறு கிலோபைட்.

சோலை ஓரம் நாவல் மரத்தில் கட்டிய கருவி
மாலை ஏழுக்கு விழிக்கும், காலை ஐந்துக்கு உறங்கும்.
தவளைகளை எண்ணுவது என் உத்தியோகம்,
காதால்.
ஓர் இரவு, மூன்றரை ஜிபிக்குச் சற்றுக் குறைவு.
பூண்டு மூட்டைச் சீட்டின் பின்புறம் கணக்குப் போட்டேன்:
முப்பத்தாறாயிரம் நொடி.
அறுபதால் ஒரு தடவை, அறுபதால் இன்னொரு தடவை.
பத்து மணி நேரம்.
தப்பாக இருக்கும் என்று மறுபடி போட்டேன்.
பத்துதான்.

கருவி கேட்ட அதே வேகத்தில்தான்
கம்பி சொல்லும்.
ஓர் இரவை அனுப்ப ஓர் இரவு ஆகும்.
நான் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே
வெளியே இன்னோர் இரவு நிரம்பிவிடும்.
கையிருப்பு பதினோரு இரவு.
இந்தக் கடன் அடையாது.

பஸ்ஸுக்கும் கணக்குப் போட்டேன்.
பதினோரு இரவும் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும்.
கண்டக்டர் மரியலூயிஸின் சட்டைப்பை,
மதுரைக்கு ஆறு மணி நேரம், கொடைக்கானலில் டீ உட்பட:
நொடிக்குப் பதினான்கு மெகாபிட்.
எங்கள் 'பத்'தை விட அவர் பை வேகம்.
பத்து இரவுகளை அவரிடம் கொடுத்துவிட்டேன்.

செவ்வாய் மட்டும் காலைக்குள் வேண்டும் என்றார் ஜெஸிந்தா மேடம்.
அன்று பதினொன்றே காலுக்கு
பெயர் தெரியாத ஏதோ ஒன்று
மூன்று முறை கத்தியிருக்கிறது.
'சத்தமில்லாத இடத்தை வெட்டிப் போட்டுவிட்டு அனுப்பேன்மா,
சீக்கிரம் போகுமே.'
ஒன்று நாற்பதிலிருந்து மூன்று பத்து வரை
அன்றைக்கு ஒன்றும் கத்தவில்லை.
ஒன்றரை மணி நேரம் மிச்சம்தான்.
ஆனால் கத்தவில்லை என்பதற்கு
அதை விட்டால் வேறு சாட்சி கிடையாது.
கத்தினாலும் கத்தாவிட்டாலும்
நொடிக்கு அதே தொண்ணூற்றாறு.
வெட்டவில்லை.

சரியாக ஏழுக்குத் தொடங்கினேன்.
ஏழேகாலுக்கு வீட்டுக்காரர் குழந்தைவேலு
வடுகபட்டிப் பூண்டு விலையை
பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி
வீடியோவில் பேசி மச்சானுக்கு அனுப்பினார்.
என் செவ்வாய்க்கிழமை இருபது நிமிடம் பின்தங்கியது.
திரையில் 'மீதம் 9 மணி' 'மீதம் 2 நாள்' ஆனது,
பிறகு 'மீதம் 4 நிமிடம்',
பிறகு வெட்கப்பட்டு மறுபடி ஒன்பது மணி.
நான் அதைப் பார்ப்பதை விட்டேன்.
கடிகாரத்தில் இருபது கழித்தால் போதும்.

பதினொன்று முப்பத்தைந்துக்கு
பெயர் தெரியாதது மலையிறங்கியது.
நள்ளிரவுக்கு மேல் ஜன்னலுக்கு வெளியே
புதன்கிழமைத் தவளைகள் ஓயாமல் கத்த,
கம்பிக்குள் செவ்வாயின் மௌனம்
கிலோபைட் கிலோபைட்டாகப் போய்க்கொண்டிருந்தது.
போர்வைக்குள் அதைக் காவல் காத்தேன்.

இப்போது நாலு ஐம்பது.
பூட்ஸ் போட்டுக்கொள்கிறேன், கார்டை எடுக்க வேண்டும்.
மரத்துக்கு இருபது நிமிட நடை.
செவ்வாயன்று சீக்கிரமே போய்விட்டேன்;
பதிவின் கடைசிப் பத்து நிமிடம்
என் இருமல், டார்ச் சொடுக்கு, சேற்றில் காலடி,
அது கேட்டு ஒவ்வொன்றாய் அடங்கும் தவளைகள்.

கணக்குப்படி
நான் மரத்தடியைச் சேரும்போது
கம்பியில் அந்த நானும்
வந்துசேர வேண்டும்.
குழந்தைவேலு அதற்குள் எழுந்திருக்காமல் இருந்தால்.